டோக்கன் போட்டு வந்த ஸ்கேன் டாக்டர்

சிவகாசியில் நான் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்த காலம். செல்போனில் பாம்பு விளையாட்டு வந்த புதிது. ஒருநாள் காத்திருக்கும் கூடத்தில், கர்ப்பிணிகளுக்கு நடுவே ஓர் ஆண் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. டோக்கனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி இப்போது வருவாள், பிறகு வருவாள் என்று காத்திருந்த பெண்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். யாரும் வராததால் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"மனசு விட்ராதீக அண்ணாச்சி. எங்க கொழுந்தனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டரம்மா மாத்திரை குடுத்தாக. இப்ப ரெட்டப் புள்ள," என்றாள் ஒருத்தி.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் அவர்.

நர்ஸ் ஜெயா முறை தவறாதவள். அவர் பெயரை எழுதி, எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீர் பிடிக்க ஒரு டப்பாவையும் கையில் கொடுத்தாள். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சொன்னதைச் செய்து, மூடி போட்ட டப்பாவோடு என் அறைக்குள் வந்தார். அதை மேசை ஓரத்தில் பவ்யமாக வைத்தார்.

"வணக்கம் டாக்டர். நான் புதுசா வந்திருக்கிற ஸ்கேன் டாக்டர். போன வாரம் நீங்க அனுப்புன கேஸுக்கு ரிப்போர்ட் குடுத்திருந்தேன். வந்து சேந்துச்சா?"

வந்தது என்றேன்.

"பேப்பர் வந்திருக்கும். நான் கேக்கிறது விஷயம். அதைப் படிச்சிட்டு நீங்க என்ன செஞ்சீக?"

எனக்கு எரிச்சல் வந்தது. வெளியே கூட்டம் நெரிகிறது, இந்த மனுஷன் எனக்குத் தேர்வு வைக்கிறாரே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லப்போனால் அந்த ரிப்போர்ட் இரண்டு பக்கம் இருந்தது. ஈரல் எப்படி இருக்கிறது, மண்ணீரல் எப்படி இருக்கிறது என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை நலம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொரு உறுப்பாக விசாரித்திருந்தார். எந்த டாக்டரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். கடைசி வரியை மட்டும் படித்திருந்தேன். அதை அப்படியே சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'கடைசி வரி' என்று எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். டப்பாவை மறந்துவிட்டார். அதில் சர்க்கரை இல்லை என்று ஜெயா பிறகு வந்து சொன்னாள்.

அவர் விருதுநகர்க்காரர். அப்பா மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தாராம். மண்டியில் வடக்கே லாரி ஏற்றி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் காலை நீட்டுவார்களாம். அப்பா மட்டும் மூட்டை அங்கே இறங்குகிற வரைக்கும் சரியாகச் சாப்பிடமாட்டாராம். "ஏத்துனது வியாபாரம் இல்ல, எறங்குனாத்தான் வியாபாரம்" என்பது அந்த வீட்டு வேதம். வத்தலுக்குச் சொன்னதை மகன் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே வியாதி.

ஒரு ஜோக் சொல்வார். நாம் சிரிப்போம். "வந்து சேந்துச்சா?" என்பார். சேர்ந்தது, அதனால்தான் சிரித்தேன் என்றாலும் விடமாட்டார். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேட்பார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வராது. தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினார். பத்திரிகை வந்ததா என்று போன் செய்தார். போன் வந்ததா என்று கேட்க ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆளுக்கு நான் காபி கொடுத்து உட்கார வைத்துக்கொண்டிருந்தபோதே, ஆள் வந்துவிட்டானா என்று மறுபடி போன் வந்தது.

இப்படிப்பட்டவர் ரிப்போர்ட் எழுதினால் சும்மா இருப்பாரா. ஊரில் ஸ்கேனுக்கு அனுப்புகிற டாக்டர்கள் அத்தனை பேரிடமும் டோக்கன் போட்டுக்கொண்டு போனார். தான் டாக்டர் என்று சொல்லி முன்னால் நுழைவது அவருக்குப் பிடிக்காது. நோயாளி எப்படி டாக்டரிடம் போய்ச் சேர்கிறான் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா என்பார். எலும்பு டாக்டர் ஒருவர் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவார். இவர் அடுத்த முறை ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து அவரைப் பின்வாசலிலேயே பிடித்தார்.

கடைசி வரியை மட்டும்தான் படிக்கிறோம் என்று நான் சொன்னது அவர் மனதில் முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். நிஜமா, பொய்யா என்று பார்க்க ஒரு வேலை செய்தார். கோளாறு ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற ரிப்போர்ட்டுகளில், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார். 'இந்த வரியைப் படிப்பவருக்கு விருதுநகரில் என் செலவில் எண்ணெய்ப் புரோட்டா' என்று. ஊர் முழுக்க அந்த ரிப்போர்ட் போனது. எனக்கும் வந்தது. ஒரு டாக்டரும் புரோட்டா கேட்கவில்லை.

கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். மனைவிக்கு ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட்டைப் பழக்கதோஷத்தில் முதல் எழுத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மனைவி, மக்கள், மாமியார், மச்சினன் என்று ஒரு வேன் ஜனத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். "ரிப்போர்ட்டுல எத்தன பேருக்குன்னு போடல சார். அதான் எல்லாரும் வந்துட்டோம்," என்றார். ஸ்கேன் டாக்டர் அத்தனை பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் கொடுத்தார். அனுப்பியதில் ஒன்றாவது எங்கேயோ இறங்கியிருக்கிறதே.

அதற்குப் பிறகு அவருடைய ரிப்போர்ட் மாறியது. கடைசி வரி முதல் வரியானது. 'பித்தப்பையில் கல். குழாய் அடைக்கவில்லை. அவசரம் இல்லை.' இவ்வளவுதான். ஈரலும் மண்ணீரலும் கீழே பொடி எழுத்துக்குப் போயின. கூடவே எங்களுக்கும் ஒரு சட்டம் போட்டார். அதுவரை நாங்கள் சீட்டில் 'வயிறு' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்புவோம். அவர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல டோக்கன் போட்டு, என்னிடமே வந்து நின்றார்.

"வயித்துல என்ன பாக்கணும் டாக்டர்? நீங்க கேள்வி கேட்டா நான் பதில் சொல்வேன். வெறும் வயிறுன்னு அனுப்புனா, அட்ரஸ் எழுதாத பார்சல் மாதிரி நான் எங்கன கொண்டுபோய் எறக்க?"

நாலைந்து முறை திட்டினேன். பிறகு, இந்த ஆள் வரிசையில் உட்கார்ந்து என் நோயாளிகளோடு கதை பேசுவதைவிடக் கேள்வி எழுதிவிடுவதே நேரமிச்சம் என்று எழுத ஆரம்பித்தேன். ஒன்று சொல்ல வேண்டும். என்ன கேள்வி என்று யோசித்தால், சில பேருக்கு ஸ்கேனே தேவையில்லை என்று தெரிந்தது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எந்த இடத்தில் தெரிந்தது என்று கேட்பார்.

இனி முதலாளி கதைக்கு வரவேண்டும். ஸ்கேன் சென்டர் அவருடையது அல்ல. காலண்டரும் வெடிப் பெட்டி லேபிளும் அடிக்கிற அச்சகக்காரர் ஒருவர் மிஷின் வாங்கிப் போட்டு, இவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். மனசு வெள்ளை. ஆனால் மனுஷனுக்கு உலகமே நாலு கலரில்தான் தெரியும். இவர் ஒருநாள் அவரிடம், "அண்ணாச்சி, நம்ம ரிப்போர்ட்டோட தரத்த ஒசத்தணும்," என்று சொல்லியிருக்கிறார்.

முதலாளிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இத்தனை நாள் நம் தொழிலைப் பற்றிப் பேசாத டாக்டர் இப்போதாவது பேசினாரே என்று. ஒரே வாரத்தில் தரம் உயர்ந்து வந்து இறங்கியது. கெட்டி ஆர்ட் கார்டில் மடிப்பு அட்டை, பளபளவென்று லேமினேஷன், ஓரத்தில் தங்க ஜரிகை மாதிரி வரி. சிறுநீரகக் கல் ஸ்கேனுக்குக் குற்றாலம் அருவி. ஈரலுக்கு ரோஜாத் தோட்டம். இதயத்துக்கு ஜோடிக் கிளி. பெண்களுக்கான ஸ்கேனுக்கு, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு குழந்தை. அந்தக் குழந்தை அவ்வளவு அழகு. நானே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னது உள்ள இருக்கிற எழுத்தை அண்ணாச்சி," என்றாராம் இவர்.

"உள்ள இருக்கிறத எவன் பாக்கான் டாக்டர்? பெட்டியில இருக்கிற படத்தப் பாத்துத்தான் வெடியவே வாங்குறான்," என்றாராம் முதலாளி.

அட்டை வந்ததிலிருந்து என் ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் வருவது நின்றுபோனது. நோயாளிகள் வந்தார்கள், கை வீசிக்கொண்டு. எங்கே ரிப்போர்ட் என்றால், "வீட்ல பத்திரமா இருக்கு டாக்டரம்மா. கொண்டாந்தா கசங்கிரும்லா," என்றார்கள். இந்த ஊரில் நல்ல அச்சு என்றால் அது சுவரில்தான் இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். குற்றால அருவி ஒரு டீக்கடையில் தொங்கியது. ஜோடிக் கிளியை ஒருவர் புதுமணத் தம்பதிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார், மாமனாரின் இதயம் உள்ளே இருக்கிறது என்பதை மறந்து.

இவர் சும்மா இருப்பாரா? இன்னும் அதிகமாக டோக்கன் போட்டார். "அன்னைக்கு அனுப்புனது?" என்பார். வரவில்லை என்பேன். "நேத்து அனுப்புனது?" வரவில்லை. முகம் வாடிப்போகும். முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டு முதலாளி மறுபதிப்பு போட்டுவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் முத்துமாரியை ஸ்கேனுக்கு அனுப்பினேன். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். பயராபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், சரவெடி பின்னுகிற வேலை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து இப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. கூடவே ஒரு பக்கமாக அடிவயிற்றில் லேசான வலி. எனக்கு அந்த வலி பிடிக்கவில்லை. சீட்டில் தெளிவாக எழுதினேன்: 'கர்ப்பம் எங்கே இருக்கிறது?'

அன்று மத்தியானம் ஸ்கேன் டாக்டர் என் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். டோக்கன் இல்லை. வரிசையில் இருந்த பெண்கள், "நாங்கள்லாம் மனுசரா தெரியலையா? எம்புட்டு நேரமா உக்காந்திருக்கோம்," என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் டோக்கன் இல்லாமல் வந்ததைப் பார்த்ததுமே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"முத்துமாரி வந்தாளா?"

வரவில்லை.

"காலையிலயே பாத்துட்டேன் டாக்டர். கரு கொழாயில இருக்கு. பெருசாயிருச்சு, எப்ப வேணா வெடிக்கும். நேரா உங்ககிட்ட போம்மான்னு சொல்லி ரிப்போர்ட்ட கையில குடுத்தேன். போன் பண்ணேன், போகல."

எங்கள் தெருவில் அன்று பள்ளம் தோண்டியதில் தொலைபேசி செத்துக் கிடந்தது. என் செல்போன் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பையில் இருந்தது. காரை எடுத்துக்கொண்டு டிரைவர் என் கணவரோடு மதுரைக்குப் போயிருந்தான். ஜெயாவிடம் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். நான் கொஞ்சம் கனமான ஆள். ஸ்கூட்டர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்று கிளம்பியது.

முத்துமாரி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் திறந்து காட்டினாள். சாமி படங்களுக்கு நடுவில், முருகனுக்கும் மாரியம்மனுக்கும் இடையில், அந்தக் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு துண்டு மல்லிகைச் சரம் சாத்தியிருந்தாள்.

"காலையில வந்தவ தெருவுக்கே சீனி குடுத்தா டாக்டரம்மா. குடுத்துட்டு அர நாள் வேலையாச்சும் பாப்போம்னு பயராபீசுக்குப் போயிட்டா," என்றாள் அவள்.

ஸ்கேன் டாக்டர் அட்டையை எடுத்துத் திறந்தார். உள்ளே முதல் வரியில், அவர் போராடிக் கொண்டுவந்த அதே முதல் வரியில், ஆங்கிலத்தில் அருமையாக எழுதியிருந்தது: 'கரு குழாயில். இன்றே அறுவை சிகிச்சை.' அதைப் படித்துவிட்டு, அட்டையை மூடிச் சிரிக்கிற குழந்தையைப் பார்த்தார்.

"லோடுல என்ன இருக்குன்னு உங்களுக்கெல்லாம் எழுதுனேன். கொண்டுபோற ஆளுகிட்ட சொல்லாமப் போயிட்டேனே," என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட நேரம் இல்லாததால் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஸ்கூட்டரை வெளியே நிறுத்தச் சொன்னான். அவருடைய செல்போனை வாங்கிக்கொண்டான். என் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்து, "இது இரும்பா?" என்று அதையும் வாங்கிக்கொண்டான். இவர் அவசரத்தில் முத்துமாரி என்ற பேரைச் சொல்லாமல், "உள்ள எத்தன பேரு இருக்காக?" என்று கேட்டுத் தொலைத்தார். வெள்ளைச் சட்டை, கையில் பளபளக்கும் அட்டை, கூடக் கனத்த ஒரு மேடம், கேள்வியோ ஆள் கணக்கு. வாட்ச்மேன் வேர்த்துப்போய் உள்ளே திரும்பி விசில் அடித்தான்.

ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். தீபாவளி சீசனில் சட்டம் கொஞ்சம் நெருக்கியடித்து உட்காரும். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால், கூடுதலாக இருக்கிறவர்கள் பின்பக்கம் வேலிக்கருவைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். விசில் கேட்டதும் ரூம் ரூமாகப் பெண்கள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில், வயிற்றில் வெடிக்கக் காத்திருக்கிற குழாயோடு, முத்துமாரியும் ஓடினாள். காலையில் என்னிடம் உடுத்தி வந்த அதே சிவப்புச் சேலையை நான் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

"ஓடாத முத்துமாரி, நில்லு," என்று நான் கத்தினேன். நான் கத்தக் கத்த, எல்லோரும் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஸ்கேன் டாக்டர் செருப்பு கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் கருவைக் காட்டுக்குள் பாய்ந்தார். முள்ளில் சட்டை கிழிந்தது. நடுவில் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "நாங்க ஆபீசருங்க இல்லம்மா. நான் ஸ்கேன் டாக்டர். அவுக பிரசவ டாக்டர். எம்புட்டுப் பேர் வேணா உக்காந்துக்கோங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்று கூவினார். பிறகு ஒவ்வொரு புதரிலிருந்தும் ஒரு தலை எழுந்தது. அதில் ஒன்று முத்துமாரி.

"என்ன சார், இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?" என்று சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"நேரா டாக்டரம்மாகிட்ட போகச் சொன்னேன்ல? ஏம்மா போகல?"

"சொன்னீக சார். நாளைக்குப் போவோம்னு இருந்தேன்." அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "அட்டையில புள்ள சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு. கெட்ட சேதின்னா, சிரிக்கிற புள்ளயவா போட்டுக் குடுப்பாக?"

முத்துமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

காலி அட்டைப்பெட்டி இறக்கிவிட்டு நின்ற ஒரு வேனில் அவளைப் படுக்க வைத்தோம். போர்மேன், ஆபீசர் இல்லை என்று தெரிந்த நிம்மதியில், தானே ஓட்டுகிறேன் என்று ஏறிக்கொண்டார். சிவகாசி வரைக்கும் ஸ்கேன் டாக்டர் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறுங்காலோடு, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கரு தப்பான இடத்தில் தங்கிவிட்டது, அதை எடுத்தால்தான் நீ பிழைப்பாய், இன்னொரு பக்கத்துக் குழாய் நன்றாக இருக்கிறது, இன்னொரு பிள்ளை வரும். அவள் அழுதாள். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினாள்.

வயிற்றைத் திறந்தபோது குழாய் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் இதை இப்படி உட்கார்ந்து சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் தான் எழுதியது சரியா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று பச்சை அங்கி மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள் வந்து நின்றார். ஆயுசு பூராவும் கறுப்பு வெள்ளையில் பார்த்தே பிழைத்த மனுஷன். முதல் சிவப்பைப் பார்த்ததும் தடால் என்று விழுந்தார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் வெளியே பெஞ்சில் கிடத்தினார்கள். முகத்தில் கோலி சோடா தெளித்துக் கண் விழித்ததும், "வந்து..." என்று ஆரம்பித்தாராம். "எல்லாம் வந்து சேந்துருச்சு சார். முத்துமாரி நல்லா இருக்கா. நீங்க எந்திரிக்காதீக," என்று சொல்லி ஜெயா படுக்க வைத்தாளாம்.

மறுநாள் அவர் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. முத்துமாரி கேட்ட கேள்வியை மட்டும் அப்படியே சொன்னாராம். முதலாளி எழுந்துபோய், அடித்து அடுக்கி வைத்திருந்த குழந்தை அட்டைகள் முழுவதையும் கட்டிங் மிஷினில் கொடுத்து நறுக்கச் சொன்னாராம். அருவி, ரோஜா, கிளி எல்லாம் கூடப் போயின.

அதற்காக அவர் அச்சடிப்பதை விட்டுவிடுவாரா? புதுசாக வெறும் வெள்ளை அட்டை வந்தது. வெடிப் பெட்டியில் எச்சரிக்கை போடுகிற அதே சிவப்பில், அதே கொட்டை எழுத்தில்: 'உடனே டாக்டரிடம் கொடுக்கவும். கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.' அதைப் பார்த்த சில கிழவர்கள் பயந்துபோய், பஸ்ஸில் அட்டையை மடியில் வைக்காமல் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் வந்தார்கள். ஒன்றுகூட சுவருக்குப் போகவில்லை.

ஸ்கேன் டாக்டரும் மாறினார். ஆங்கில முதல் வரிக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினார். எழுதியதை நோயாளிக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைத்தார். சொல்லும்வரை அட்டையைக் கொடுக்கமாட்டார். டவுன் பஸ்ஸில் போனால், "எடது பக்கம் சின்னக் கல்லு, தண்ணி நெறயக் குடிக்கணும், வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டரப் பாக்கணும்" என்று யாராவது ஒருவர் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வருவார். ஒரு ஸ்கேனுக்கு இத்தனை நேரமா என்று முதலாளி முனகினார். முனகியதோடு சரி.

ஒன்றரை வருடம் இருக்கும். முத்துமாரிக்கு மறுபடி நாள் தள்ளியது. வலி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. சீட்டு எழுதி, அவளோடு நானே ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அவள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்ததிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. நானும் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முத்துமாரி," என்றார். "புள்ள கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. சரியான எடத்துல இருக்கு. துடிப்பு நல்லாருக்கு."

சொல்லிவிட்டு அவள் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் மறுபடி சொன்னார், இன்னும் கொஞ்சம் மெதுவாக. அதற்கும் பதில் இல்லை. கலவரத்தோடு என்னைப் பார்த்தார். திரையை அவள் பக்கம் திருப்பி, விரலால் தொட்டு, "இதுதாம்மா கர்ப்பப்பை. இந்தா, இதுக்குள்ள துடிக்கிது பாரு, இதுதான் புள்ள. உள்ளதான் இருக்கு," என்று மூன்றாவது முறை சொன்னார்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கித் தலையணைக்குப் போனது.

"புரியலையாம்மா?" என்றார்.

"மொதத் தடவையே புரிஞ்சிருச்சு சார்," என்றாள் முத்துமாரி. "கேக்க நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க."